"என்னைத் தூக்க வேண்டாம்": மேடைகளும் படிகளும் போரில் காயப்பட்ட உடல்களும்

வன்னியில் பொது நிகழ்வுகளுக்குப் போய்வருபவர்களுக்கு இந்தக் காட்சி நன்கு தெரியும். மண்டபத்தின் முன்வரிசையில் பத்துப் பன்னிரண்டு பேர் பிளாஸ்ரிக் கதிரைகளில் இருத்தப்பட்டிருப்பார்கள். சிலருக்குக் கால் இல்லை. சிலருக்குப் பார்வை இல்லை. சிலருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. மேடையில் பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர்கள், வெளிநாட்டிலிருந்து வந்த அனுசரணையாளர். மங்கல விளக்கு, ஆசியுரை, மாணவிகளின் வரவேற்பு நடனம் எல்லாம் முடிந்த பின்னர், விருந்தினர்கள் மேடையைவிட்டு இறங்கி வந்து சில்லுக்கதிரைகளையும் ஊன்றுகோல்களையும் கையளிப்பார்கள். படம் எடுக்கப்படும். மறுநாள் அந்தப் படம் முகநூலில் வரும்.

யாருக்காக நிகழ்வு நடந்ததோ அவர்கள் அன்று மேடையில் ஏறியிருக்க மாட்டார்கள். மேடைக்கு ஏழெட்டுப் படிகள் இருக்கும். சரிவுப்பாதை இருக்காது. ஒலிவாங்கியும் அவர்களிடம் வந்திருக்காது. வந்தாலும் நன்றி சொல்வதற்காக மட்டுமே வந்திருக்கும்.

இதை எட்ட நின்று குறைசொல்லும் தகுதி எனக்கில்லை. இதைவிட மோசமான தவறொன்றை நானே செய்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நண்பர்கள் சிலர் சேர்ந்து, போருக்குப் பின்னான வாழ்வைப் பற்றிய கதைசொல்லல் நிகழ்வொன்றைத் தயாரித்தோம். எட்டுப் பேர் தங்கள் கதையைத் தாங்களே சொல்வதாக ஏற்பாடு. அவர்களில் ஒருவர், 2009 இல் மாத்தளனில் எறிகணை விழுந்து முழங்காலுக்கு மேலே ஒரு காலை இழந்த பெண். அப்போது அவருக்கு வயது பதினேழு. மூன்று வார ஒத்திகையும் அவருடைய வீட்டு முற்றத்தில்தான் நடந்தது. தேநீர் அவர்தான் ஊற்றித் தந்தார். எழுத்துப் பிரதியில் பாதிக்கு மேல் அவர் திருத்தியது. மண்டபத்தை ஒழுங்கு செய்தவன் நான். காசில்லாமல் கிடைக்கிறது என்பதால் ஒரு கட்டடத்தின் மேல்மாடியை எடுத்தேன். முற்றத்திலே இருந்து பழகிய எங்களில் ஒருவருக்கும் படிக்கட்டு ஞாபகத்துக்கு வரவில்லை.

அன்று பின்னேரம் அவர் ஓட்டோவில் வந்து இறங்கிப் படியை நிமிர்ந்து பார்த்தார். இரண்டு பெடியள் தூக்குவதற்கு ஓடிவந்தார்கள். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு என்னிடம் சொன்னது இது:

"அண்ணை, என்னைத் தூக்க வேண்டாம். மாத்தளனிலையும் தூக்கினவை, கப்பலுக்கு ஏத்தேக்கையும் தூக்கினவை. அப்ப அது உயிர் தப்ப. இப்ப கதை சொல்லுறதுக்கும் தூக்க வேணுமே?"

அவர் திரும்பிப் போய்விட்டார். அவருடைய பகுதியை இன்னொரு பெண் கடதாசியைப் பார்த்து வாசித்தார். சபையினர் கண் கலங்கினார்கள், கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலைப் போல எனக்கு வெட்கத்தைத் தந்த இன்னொன்று இல்லை. அவருடைய துயரம் மேடையேறிவிட்டது. அவர் ஏறவில்லை.

இந்தக் கட்டுரை அந்தப் படிகளைப் பற்றியது. போரினால் உடலில் காயம்பட்டவர்களை எங்களுடைய அரசியலும் நினைவுகூரலும் கலையும் எந்த இடத்தில் வைத்திருக்கின்றன என்பதைப் பற்றியது.

சட்டம் இருக்கிறது

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28 ஆம் இலக்கச் சட்டம் 1996 இலேயே நிறைவேற்றப்பட்டது. தேசியக் கொள்கை 2003 இல் வந்தது. பொதுக் கட்டடங்கள் அனைவரும் நுழையக்கூடியதாக இருக்க வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006 இல் வர்த்தமானியில் வெளியாகின. ஏற்கனவே இருந்த கட்டடங்களைத் திருத்துவதற்கு மூன்று ஆண்டு அவகாசம் கொடுக்கப்பட்டது. அந்த அவகாசம் முடிவடைந்த ஆண்டு 2009. எங்கள் மக்கள் ஆயிரக்கணக்கில் கை கால்களை இழந்து முகாம்களுக்கு வந்து சேர்ந்த அதே ஆண்டு. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தில் இலங்கை 2007 இல் கையெழுத்திட்டது. அதை ஏற்று உறுதிப்படுத்த 2016 வரை சென்றது.

அரசாங்க வேலைகளில் 3 சதவீதம் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்ற சுற்றறிக்கை 1988 ஆம் ஆண்டுக்குரியது. உங்களுடைய பிரதேச செயலகத்திலோ பாடசாலையிலோ நூறு பேர் வேலை செய்தால் அவர்களில் மூன்று பேரை உங்களால் காட்ட முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 சதவீதத்தினருக்கு, அதாவது பதினாறு இலட்சம் பேருக்கு, ஏதோவொரு உடல் அல்லது உளச் செயற்பாட்டில் சிரமம் இருந்தது. அவர்களில் பெண்களே அதிகம். 2024 நவம்பர் தேர்தலுக்குப் பின்னர், தேசியப் பட்டியல் மூலம் பார்வையற்ற ஒருவர் முதற்தடவையாக நாடாளுமன்றம் சென்றார். 2025 வரவு செலவுத் திட்டத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவு 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக்கப்பட்டது. இரண்டும் நல்ல மாற்றங்கள். ஆனால் இடுப்புக்குக் கீழே உணர்வற்ற ஒருவருக்கு மாதம் முழுவதும் தேவைப்படும் சிறுநீர்க் குழாய், பம்பர்ஸ், புண்ணுக்குக் கட்டும் துணி, கிளினிக்குக்குப் போகும் வாகனக்கூலி ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்த எந்தக் குடும்பத்துக்கும் 10,000 ரூபா எத்தனை நாளைக்குக் காணும் என்று தெரியும். 2022 இன் பொருளாதார நெருக்கடியில் ஏறிய விலைகள் பழைய இடத்துக்கு இறங்கவில்லை.

காயங்களிலும் தரவரிசை

போரில் காயப்பட்டவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிக் கணிக்கப்படவில்லை. காயப்பட்ட அரச படையினருக்கு ஒரு தனி அதிகாரசபை, தனிச் சட்டம், சம்பளம், ஓய்வூதியம், வீட்டுத் திட்டம் என்று ஓர் ஏற்பாடு உண்டு. அந்த ஏற்பாட்டிலும் ஓட்டைகள் இருந்தன. காயப்பட்ட படையினரே ஓய்வூதியம் கேட்டுக் கொழும்பு வீதியில் இருக்க வேண்டி வந்தது. ஆனால் அவர்களுக்குக் கேட்பதற்கு ஒரு கதவாவது இருந்தது. அதே போரில், அதே நாளில், எறிகணையில் காலை இழந்த தமிழ்ச் சிறுமிக்கு அப்படியொரு கதவு இல்லை. அவள் பொதுவான நலன்புரிக் கொடுப்பனவுப் பட்டியலில் ஒரு பெயர். எப்படிக் காயப்பட்டாள் என்ற கேள்வி அந்தப் படிவத்தில் இல்லை.

முன்னாள் போராளிகளின் நிலை இன்னும் சிக்கலானது. காயத்தைக் காட்டினால் உதவி கிடைக்கலாம். அதே காயம் விசாரணையையும் கொண்டுவரலாம். ஆறேழு பேர் ஒரு வீட்டில் கூடினால் யார் வந்தது, என்ன கதைத்தது என்று கேட்டு ஆட்கள் வரும் ஊர்களில், உதவிக் குழு ஒன்றை அமைப்பதே துணிச்சலான வேலை.

2009 பெப்ரவரி முதல் மே வரை செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவின் கப்பல்களில் 13,000 க்கும் மேற்பட்ட காயக்காரரும் நோயாளரும் உறவினரும் கடல்வழியாக வெளியேற்றப்பட்டார்கள். மயக்க மருந்து போதாத நிலையில் அவயவங்கள் அகற்றப்பட்டதை அந்நாட்களில் அங்கிருந்த மருத்துவர்களும் தப்பி வந்தவர்களும் சொல்லியிருக்கிறார்கள். காணாமல் ஆக்கப்பட்டோருக்காக 2016 இல் ஓர் அலுவலகத்துக்கான சட்டம் வந்தது. இழப்பீட்டு அலுவலகத்துக்கான சட்டம் 2018 இல் வந்தது. அவற்றின் செயற்பாட்டில் எங்களுக்கு உள்ள நம்பிக்கையீனம் நியாயமானது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இறந்தவர்களுக்காகவும் காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்காகவும் நாங்கள் கூட்டாகக் குரல் கொடுத்திருக்கிறோம். உயிரோடு வந்த காயக்காரரின் கோரிக்கை எது என்று கேட்டால், எங்களுடைய அரசியல் கட்சிகளிடம் சொல்வதற்கு எதுவும் இல்லை. அவர்களுடைய விடயத்தைத் தொண்டு நிறுவனங்களிடமும் புலம்பெயர் உறவுகளிடமும் ஒப்படைத்துவிட்டோம்.

ஒவ்வொரு மே 18 அன்றும் முள்ளிவாய்க்காலுக்குப் போகிறோம். அந்த மணலில் சில்லு புதையும். செயற்கைக்கால் அணிந்தவருக்கு அந்த மணலில் பத்தடி நடப்பது வெளியில் நூறடி நடப்பதற்குச் சமம். அங்கே நடந்தவற்றின் சாட்சியை உடலிலேயே சுமப்பவர்களில் பலர் அன்று வீட்டில் இருந்து தொலைபேசியில் நேரலை பார்க்கிறார்கள்.

மேடையிலிருந்து வந்த ஒரு சொல்

"மாற்றுத்திறனாளர் நீதி" என்று நாம் தமிழில் சொல்லக்கூடிய ஒரு கருத்து, கடந்த இருபது ஆண்டுகளாக உலகின் பல இடங்களில் பேசப்படுகிறது. அது சட்டத்தரணிகளின் அலுவலகத்தில் பிறக்கவில்லை. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ குடாப் பகுதியில் பற்றீசியா பேர்ன், லீரோய் மூர் போன்றவர்கள் 2000 களின் நடுப்பகுதியில் தொடங்கிய "சின்ஸ் இன்வலிட்" என்ற அரங்காற்றுகைக் குழுவோடும் அவர்களுடைய தோழர்களோடும் வளர்ந்தது. கறுப்பினத்தவர், குடியேறிகள், ஏழைகள், பாலினச் சிறுபான்மையினர் என்று ஏற்கனவே ஓரத்தில் தள்ளப்பட்டிருந்த மாற்றுத்திறனாளிகள் அவர்கள். உரிமை இயக்கம் சரிவுப்பாதையையும் வேலைவாய்ப்பையும் வென்று தந்தது, ஆனால் அதன் பலன் ஏற்கனவே வசதியாக இருந்தவர்களையே முதலில் சென்றடைந்தது என்பது அவர்களின் விமர்சனம்.

இந்தக் கருத்தை எழுத்தில் பரவலாக்கியவர்களில் ஒருவரான லியா லக்ஷ்மி பியெப்ஸ்னா-சமரசிங்க, தந்தை வழியில் இலங்கைப் பறங்கி-தமிழ் வேர் கொண்டவர். பராமரிப்பு என்ற வேலையைப் பற்றி அவர் எழுதிய நூல் 2018 இல் வெளிவந்தது.

அந்தக் குழு முன்வைத்த பத்துக் கோட்பாடுகளில் மூன்று எங்களுக்கு நேரடியாகப் பொருந்துபவை. அதிகம் பாதிக்கப்பட்டவரே முன்னின்று வழிநடத்த வேண்டும் என்பது ஒன்று. எல்லோரும் ஒருவரில் ஒருவர் தங்கித்தான் வாழ்கிறோம், எனவே தங்கி வாழ்வது இழிவல்ல என்பது இன்னொன்று. ஓர் இடத்துக்குள் நுழைவதற்கான வழியைச் செய்வது அந்தத் தனிமனிதரின் பொறுப்பல்ல, கூடியிருக்கும் எல்லோரின் பொறுப்பு என்பது மூன்றாவது.

மூன்றாவதைப் படித்தபோது எனக்கு எங்கள் மேல்மாடி ஞாபகம் வந்தது. "நீங்கள் எப்படி ஏறுவீர்கள்?" என்று நான் அந்தப் பெண்ணிடம் முன்கூட்டியே கேட்டிருந்தாலும் அது பிழையான கேள்வியாகவே இருந்திருக்கும். "நாங்கள் ஏன் மேலே போகிறோம்?" என்று எங்களை நாங்களே கேட்டிருக்க வேண்டும்.

எங்கள் களரி

இதை வெளிநாட்டுச் சரக்கு என்று ஒதுக்க வேண்டியதில்லை. கலையையும் காயத்தையும் ஒன்றாகக் கையாண்ட மரபு எங்களிடம் உண்டு. குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறியாள்கை செய்த "மண்சுமந்த மேனியர்" 1985 இல் ஊர் ஊராகப் போனது. சண்முகலிங்கத்தின் "அன்னை இட்ட தீ" போர் தந்த உளக்காயத்தை மேடைக்குக் கொண்டுவந்தது. மட்டக்களப்பில் சி. ஜெயசங்கரும் மூன்றாவது கண் குழுவினரும் சீலாமுனை மக்களோடு சேர்ந்து செய்த கூத்து மீளுருவாக்கம், ஊரவர் எல்லோரும் கூடி முடிவெடுக்கும் கலை எப்படி இருக்கும் என்று காட்டியது.

கூத்தின் வட்டக்களரி மண்ணில் அமைவது. சுற்றிவர மக்கள் இருப்பார்கள். சற்று உயர்த்தினாலும் அது மண் சரிவுதான். ஏழெட்டுச் சீமெந்துப் படிகளும் திரைச்சீலையும் கொண்ட படச்சட்ட மேடை எங்களுக்குப் பின்னர் வந்தது. ஆனால் மரபைத் தூக்கிப்பிடித்துத் தப்பிவிடவும் முடியாது. கூத்தில் யார் ஆடலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. பெண்கள் நீண்டகாலம் வெளியே நின்றார்கள். கூனியும் நொண்டியும் எங்கள் நாடகங்களிலும் சினிமாவிலும் சூழ்ச்சிக்காகவோ சிரிப்புக்காகவோ வந்துபோனவர்கள். பாடசாலை மேடைகளில் இன்றும் நொண்டி நடந்து காட்டினால் கைதட்டு விழுகிறது.

காயப்பட்டவர் எங்கள் கலையில் வரும்போது பெரும்பாலும் இரண்டு வேடங்களே கிடைக்கின்றன. ஒன்று, கண்ணீர் வரவழைக்கும் பாத்திரம். மற்றது, "கையில்லாமலே சாதித்த" வீரப் பாத்திரம். கோபப்படுகிற, பகிடி விடுகிற, காதலிக்கிற, சில நாட்களில் கட்டிலைவிட்டு எழும்ப விருப்பமில்லாத சாதாரண மனிதராக அவரைக் காண்பது அரிது.

இதற்கு மாறான முயற்சிகளும் நாட்டில் நடந்திருக்கின்றன. 2000 ஆம் ஆண்டில் தொடங்கிய சுனேரா மன்றம் மாற்றுத்திறனாளிகளுக்கான அரங்கப் பட்டறைகளை நாட்டின் பல பகுதிகளில் நடத்தி வருகிறது. விசபிலிட்டி என்ற அமைப்பு, 2010 களின் நடுப்பகுதியிலிருந்து, வடக்குக் கிழக்கு உட்பட்ட இடங்களில், மாற்றுத்திறனாளிகளும் ஏனையோரும் சேர்ந்து ஆடும் நடனத்தையும் உரிமைகள் பற்றிய கற்றலையும் ஒன்றாக நடத்தியது. பஸ் நிலையம், சந்தை போன்ற பொதுவெளிக்கு அந்த உடல்கள் வந்து ஆடும்போது, பார்ப்பவருக்கு முதலில் சங்கடம், பிறகு ஆர்வம் வரும். இப்படியான முயற்சிகளுக்கு எப்போதும் உள்ள ஆபத்து, திட்டக்காலம் முடிய நிதியும் முடிந்து, கூடியவர்கள் மறுபடியும் தனித்தனி வீடுகளுக்குத் திரும்பிவிடுவது. எனவே ஆட்டம் முடிந்த பிறகு என்ன மிஞ்சுகிறது என்பதையே நாங்கள் பார்க்க வேண்டும்.

செயற்கைக்காலின் வரலாற்றிலும் கலைக்கு ஒரு பங்கு உண்டு. எங்களுடைய ஆயிரக்கணக்கானோரை நடக்கவைத்த ஜெய்ப்பூர்க் கால், 1960 களின் பிற்பகுதியில் இந்தியாவின் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைச் சிற்பியும் பி. கே. சேத்தி என்ற எலும்பியல் மருத்துவரும் சேர்ந்து உருவாக்கியது. மேற்கத்தைய செயற்கைக்கால் சப்பாத்தும் கதிரையும் உள்ள வாழ்க்கைக்குச் செய்யப்பட்டது. வெறுங்காலோடு வயலில் இறங்குபவருக்கும் குந்தியிருந்து வேலை செய்பவருக்கும் அது உதவவில்லை. அந்த மனிதரின் வாழ்க்கையைப் பார்த்து, அதற்கேற்றபடி றப்பரில் பாதம் வார்த்ததுதான் அந்தச் சிற்பி செய்தது. யாழ்ப்பாணத்திலும் ஜெய்ப்பூர் புனர்வாழ்வு நிலையம் பல பத்தாண்டுகளாக அந்தப் பணியைச் செய்து வருகிறது.

நான்கு நிபந்தனைகள்

மேல்மாடிச் சம்பவத்துக்கு இரண்டு மாதங்களின் பின்னர் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. "திருப்பிச் செய்வமே?" என்று கேட்டார். ஆனால் நான்கு நிபந்தனைகள் வைத்தார்.

நிகழ்வு நிலமட்டத்தில் நடக்க வேண்டும். பாவிக்கக்கூடிய மலசலகூடம் பக்கத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தான் முதல்நாள் இரவிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வர வேண்டியிருக்கும் என்றார். கடைசி பஸ்ஸுக்கு முன்னர் முடிய வேண்டும். நான்காவது, நோட்டீசில் "போரில் காலை இழந்தவர்" என்று போடக்கூடாது, பெயர் மட்டும் போட வேண்டும். கொடுப்பனவு பற்றி நான் இழுத்தபோது, மேளகாரருக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் கொடுக்கிறீர்கள்தானே என்று மட்டும் கேட்டார்.

எந்தக் கொள்கை ஆவணத்தையும் விட இந்த நான்கும் எனக்குத் தெளிவாக இருந்தன.

இரண்டாம் முறை ஒரு பாலர் பாடசாலை வளவில், மரநிழலில், பின்னேரம் மூன்று மணிக்குத் தொடங்கினோம். இம்முறை அவரே ஆட்களைத் தேடிப்பிடித்தார். பார்வையற்ற பாடகர் ஒருவர், காது கேளாத இளைஞர் ஒருவர், முள்ளந்தண்டு பாதிக்கப்பட்ட இருவர். காது கேளாதவருக்குத் தமிழ்ச் சைகைமொழி பெயர்ப்பாளரைத் தேடி மூன்று வாரம் அலைந்தோம். கடைசியில் அவருடைய தங்கச்சிதான் வந்து நின்றாள். ஒத்திகை இடத்துக்குப் போகும் குச்சொழுங்கையில் நான் கண்ட காட்சி ஒன்றை மறக்க முடியாது. பார்வையற்றவர் சில்லுக்கதிரையைத் தள்ளிக்கொண்டு வர, அதில் இருந்தவர் "இடப்பக்கம் அண்ணை, பள்ளம், கொஞ்சம் நில்லுங்கோ" என்று வழி சொல்லிக்கொண்டு வந்தார். இருவரும் ஏதோ பகிடிக்குச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். யாருக்கு யார் உதவி என்று அங்கே பிரிக்க முடியவில்லை.

அந்தப் பெண் இம்முறை எறிகணை விழுந்த கதையைச் சொல்லவில்லை. அதை நிறையப் பேருக்குச் சொல்லியாயிற்று என்றார். செயற்கைக்கால் மாற்றிய கதையைச் சொன்னார். வெட்டிய கால் காலப்போக்கில் மெலிந்து சுருங்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கால் மாற்ற வேண்டும். மாற்றும்வரை துணியைத் திணித்து நடக்க வேண்டும். அப்படித் துணி திணித்த காலோடு நேர்முகத் தேர்வுக்குப் போய், கால் கழன்று, தேர்வாளர்கள் மூவரும் கதிரையை விட்டு எழுந்து ஓடியதை நடித்துக் காட்டினார். முதலில் யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கலாமா என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவரே சிரித்த பிறகு வளவே சிரித்தது. வேலை கிடைக்கவில்லை என்பதை அவர் கடைசியில்தான் சொன்னார்.

வந்தது எழுபது பேரளவில். அவர்களில் ஒரு தாய், லாண்ட்மாஸ்ரரில் மகனைக் கொண்டுவந்திருந்தார். கிளினிக்கைத் தவிர இரண்டு வருடமாக மகன் எங்கேயும் வெளிக்கிடவில்லை என்றார். நிகழ்வு முடிந்ததும் அந்த மகனும் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்ட மற்ற இருவரும் படுக்கைப்புண் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்கள். எத்தனை மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரள வேண்டும், எந்த மெத்தை நல்லது, சிறுநீர்த் தொற்று வந்தால் முதல் அறிகுறி என்ன. இது அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை. போரில் தப்பிய எத்தனையோ பேர் பின்னர் புண்ணிலும் தொற்றிலும் போயிருக்கிறார்கள். மாங்குளத்தை அடியாகக் கொண்ட உயிரிழை போன்று பாதிக்கப்பட்டவர்களே நடத்தும் அமைப்புகளின் பெறுமதி இங்கேதான் விளங்கும். ஒரே நிலையில் உள்ளவர் சொல்லும் புத்திமதி வேறு வகையானது.

பிறகு அந்த ஊரில் ஏழு பேர் மாதம் ஒருமுறை கூடத் தொடங்கினார்கள். முதலில் பாட்டும் கதையும்தான். நான்காவது மாதம் ஒரு கடிதம் எழுதினார்கள். உள்ளூர் நூலகத்துக்குச் சரிவுப்பாதை வேண்டும் என்று. அது கட்டப்பட்டது, ஆனால் மிகச் செங்குத்தாக. பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு, ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். அவர்கள் அளவுநாடாவோடு திரும்பவும் போனார்கள். இரண்டாம் முறை திருத்திக் கட்டப்பட்டது. கடிதத்தை யாரும் அவர்களுக்கு எழுதிக் கொடுக்கவில்லை. பலருக்கு முன்னால் கதை சொல்லிப் பழகியவர்களுக்கு, அலுவலகத்தில் கதைப்பது பெரிய விடயமாக இருக்கவில்லை.

கலை காயத்தை ஆற்றும் என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் கண்டது அதைவிடச் சிறியது, ஆனால் உறுதியானது. ஒரு நிகழ்வை எல்லோரும் வரக்கூடியதாகச் செய்யும் வேலையே, வாகனம் பிடிப்பதும் மலசலகூடம் பார்ப்பதும் பஸ் நேரம் விசாரிப்பதும்தான், ஆட்களை ஒருவரோடு ஒருவர் பிணைக்கிறது. அந்தப் பிணைப்பு நிகழ்வு முடிந்த பிறகும் நிற்கிறது.

எங்களால் செய்யக்கூடியவை

அரசாங்கம் செய்ய வேண்டியவை நிறைய உண்டு. போரில் காயப்பட்ட பொதுமக்களுக்கு, காயத்தின் காரணத்தை ஏற்று வழங்கும் இழப்பீடு நலன்புரிக் கொடுப்பனவிலிருந்து வேறானது. அதை எங்கள் பிரதிநிதிகள் தனிக் கோரிக்கையாக எழுப்ப வேண்டும். அந்தக் கோரிக்கையை எழுதும் மேசையில் காயப்பட்டவர்கள் இருக்க வேண்டும்.

ஆனால் கொழும்பைக் காத்திராமல் செய்யக்கூடியவையும் உண்டு. 2025 மே மாதத் தேர்தலோடு உள்ளூராட்சி சபைகள் மீண்டும் மக்கள் பிரதிநிதிகளிடம் வந்திருக்கின்றன. வடக்குக் கிழக்கில் பல சபைகள் தமிழ்க் கட்சிகளின் கையில். கட்டட வரைபடங்களுக்கு அனுமதி கொடுப்பது இந்தச் சபைகள்தான். புதிய மண்டபம், கடைத்தொகுதி, திருமண மண்டபம் எதுவானாலும், 2006 ஒழுங்குவிதிகளின்படி சரிவுப்பாதையும் பொருத்தமான மலசலகூடமும் இல்லாத வரைபடத்தைத் திருப்பி அனுப்பலாம். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை.

ஆலய, தேவாலய நிர்வாகங்களும் பழைய மாணவர் சங்கங்களும் அரங்கக் குழுக்களும் தங்களுடைய அடுத்த நிகழ்வை நிலமட்டத்தில் நடத்தலாம். மே 18 ஏற்பாட்டாளர்கள் மணலுக்கு மேலே பலகையோ பாயோ விரித்து ஒரு பாதை அமைக்கலாம். அன்றைய நாளின் குரல்களில் ஒன்றாவது காயப்பட்டவருடையதாக இருக்கலாம். புலம்பெயர் உறவுகள் சில்லுக்கதிரைக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கை வாகனக்கூலிக்கும் சைகைமொழி பெயர்ப்பாளர்களைப் பயிற்றுவிப்பதற்கும் திருத்த வேலைக்கும் ஒதுக்கலாம். சில்லுக் கழன்ற கதிரைகள் எத்தனை வீட்டுக் கோடிகளில் கிடக்கின்றன என்று போய்ப் பார்த்தால் தெரியும்.

அந்தப் பெண் இப்போது அடுத்த நிகழ்வுக்கு ஆயத்தம் செய்கிறார். போன கிழமை தொலைபேசியில் இடம் பற்றிக் கதைத்தோம். நகரத்தில் நல்ல மண்டபம் ஒன்று கிடைக்கலாம் என்றேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தினை படி அண்ணை?"

நான் போய் எண்ணிவிட்டுச் சொல்வதாகச் சொன்னேன். ஐந்து படிகள். அந்த மண்டபத்தை விட்டுவிட்டோம். நிர்வாகத்துக்கு ஏன் விட்டோம் என்று கடிதம் எழுதியிருக்கிறோம்.